பெரிய டயர் போட்டால் பெரிய பாரம் இழுக்குமா? 'டூவலி' டிரக் சொல்லும் கணக்கு

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு டயரின் பக்கச்சுவர். மற்ற இடமெல்லாம் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு, யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்தது மாதிரி பளபளவென்று ஒரு கறுப்பு வளையம். "மச்சி, இது என்னடா? கழுவினாலும் போகல" என்று கேட்டிருந்தார்.

நண்பர் பழைய டிரக் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு டயர்கள் உள்ள பிக்கப். முந்தைய உரிமையாளர், கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக மாட்டியிருந்தார். "செம லுக்" என்றுதான் நண்பரும் அதை வாங்கினார். கோடை விடுமுறையில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைக்குப் போவது திட்டம்.

அந்த வளையம் அழுக்கு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டயர்கள் ஓடும்போது ஒன்றோடொன்று உரசிய தடம். இதே வண்டியோடு, ஏழு டன் டிரெய்லரையும் கட்டிக்கொண்டு, அவர் மலையேறப் போகிறார்.

டிரக்குக்குப் பெரிய டயர் போடுவது தப்பா? எல்லா நேரமும் தப்பு இல்லை. ஆனால், இழுப்பதற்காகவே வாங்கிய டூவலிக்கு அழகுக்காகப் பெரிய டயர் போடுவது, வண்டியை எதற்காக வாங்கினோமோ அந்த வேலையையே கெடுப்பது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

முதலில், டூவலி என்றால் என்ன?

சாதாரண பிக்கப்புக்கு நான்கு சக்கரம். டூவலிக்கு ஆறு. முன்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் பக்கத்துக்கு இரண்டு. நம்மூர் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே அமைப்புதான், கொஞ்சம் சின்ன அளவில். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 மாடலில் இதைத் தன் ஒரு டன் பிக்கப்பில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. இன்று ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500 எச்டி என்று பெரிய கம்பெனிகள் மூன்றுமே டூவலி விற்கின்றன.

இதை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் கடைக்குப் போய்வர வாங்குவதில்லை. குதிரை டிரெய்லர், வீட்டு டிரெய்லர், மூன்று நான்கு கார்களை ஏற்றிய நீள டிரெய்லர் என்று எதையாவது இழுக்கத்தான் வாங்குகிறார்கள். 2019 ராம் 3500 அதிகபட்சம் 35,100 பவுண்டு இழுக்கும் என்று கம்பெனி அறிவித்தது. கிட்டத்தட்ட 16 டன். அந்த டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தாலும், காற்றில் ஆடினாலும், டிரக்கின் பின்பகுதி தரையை விடாமல் பிடித்து நிற்க வேண்டும். அதற்குத்தான் பின்னால் நான்கு டயர்.

பிறகு ஏன் மாற்றுகிறார்கள்?

நேர்மையாகச் சொன்னால், கம்பெனி கொடுக்கும் டயர் பார்க்க ஒல்லியாக இருக்கும். ராம், செவர்லே டூவலிகளில் பொதுவாக வருவது 235/80ஆர்17. ஃபோர்டு எஃப்-350 டூவலியில் 245/75ஆர்17. அவ்வளவு பெரிய உடம்புக்கு இது யானைக்கு ஆட்டுக்கால் மாட்டின மாதிரி தெரியும். பண்ணையிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. சேற்றில் பிடிப்பு வேண்டும், கல்லில் அடி தட்டக் கூடாது. அது நியாயமான தேவைதான்.

அந்த எண்களை எப்படிப் படிப்பது? 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றும் கையில் இருந்தால் டயரின் மொத்த உயரத்தை நாமே கணக்கு போடலாம். 235இல் 80 சதவீதம் 188 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு தடவை, அதாவது 376. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் ஏறக்குறைய 808 மி.மீ., 31.8 அங்குலம்.

டூவலிக்காரர்கள் ஆசைப்படும் அளவுகளில் முக்கியமானவை மூன்று. 255/80ஆர்17 என்பது 840 மி.மீ. உயரம். 285/70ஆர்17 என்பது 831 மி.மீ. அடுத்தது '35' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 35 அங்குல டயர், 889 மி.மீ.

உயரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். டூவலியில் முதலில் பார்க்க வேண்டியது அகலம்.

நடுவில் இருக்கும் இடைவெளி

ஒற்றைச் சக்கர வண்டியில் டயர் 20 மி.மீ. அகலமானால், உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 என்று பரவும். சேறு காப்பில் இடிக்காவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை.

டூவலியில் பக்கத்திலேயே இன்னொரு டயர் இருக்கிறது. இரண்டு டயர்களின் மையத்துக்கு நடுவே உள்ள தூரத்தை ரிம்மின் வடிவம் தீர்மானிக்கிறது. டயரை மாற்றினால் அது மாறாது. ஆகவே 235ஐக் கழற்றி 255 மாட்டினால், இந்தப் பக்கத்தில் இருந்து 10, அந்தப் பக்கத்தில் இருந்து 10 என்று நடுவில் இருந்த இடைவெளி 20 மி.மீ. குறையும். 285 மாட்டினால் 50 மி.மீ. குறையும்.

எடுத்துக்காட்டுக்கு, பழைய டயரில் நடு இடைவெளி 40 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 255 போட்டால் 20 மி.மீ. மிஞ்சும். 285 போட்டால் கழித்தல் 10. அதாவது இரண்டு டயரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன. குறுகலான ரிம்மில் மாட்டும்போது டயர் கொஞ்சம் ஒடுங்கும் என்பது உண்மை. அரை அங்குலத்துக்குச் சுமார் 5 மி.மீ. வரை. ஆனால் அதை நம்பி 50 மி.மீ.யை ஈடுகட்ட முடியாது.

அது மட்டும் இல்லை. இந்த அளவெல்லாம் பாரம் இல்லாமல் எடுப்பது. பாரம் ஏறியதும் டயரின் அடிப்பகுதி பிதுங்கும். சப்பாத்தி மாவு உருண்டையை லேசாக அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் எப்படி விரிகிறதோ அப்படி. வண்டி நிற்கும்போது மேலே விரல் போகும் இடைவெளி இருக்கும். கீழே, தரையைத் தொடும் இடத்தில், அது பாதியாகியிருக்கும். டிரெய்லரைக் கட்டினால் இன்னும் குறையும். ஒரு டயரில் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தால் மீதியும் போச்சு.

நண்பர் அனுப்பிய போட்டோவில் இருந்தது இதுதான். காலி வண்டியில் பார்த்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். பாரத்தோடு ஓடியபோது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பக்கச்சுவர்களும் தொட்டுத் தொட்டு விலகியிருக்கின்றன.

டயரிலேயே மெலிந்த இடம் பக்கச்சுவர்தான். தரையைத் தொடும் பாகத்தில் ரப்பர் தடியாக இருக்கும், அடியில் எஃகுப் பட்டை இருக்கும். பக்கச்சுவரில் அப்படி இல்லை. அங்கே உரசினால் சூடு ஏறும், ரப்பர் தேயும், உள்ளே இருக்கும் நூலிழைகள் பலவீனமாகும். அதுவும் இரண்டு டயருக்கு நடுவில், காற்றோட்டம் குறைவான, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஜோடி டயருக்கு நடுவில் கல் சிக்கினால் நம்மூர் லாரி டிரைவர்கள் வண்டியை ஓரம்கட்டிக் குத்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லையே அங்கே விடக் கூடாது என்றால், டயரே டயரை உரசுவதை எப்படி விடுவது?

அதனால்தான் டயர் கம்பெனிகள் தங்கள் விவரப் பட்டியலில் 'குறைந்தபட்ச ஜோடி இடைவெளி' என்று ஓர் எண் தருகின்றன. வணிக வாகனங்களைச் சாலையோரம் சோதிக்கும் வட அமெரிக்க நடைமுறையில், ஜோடி டயர்கள் ஒன்றையொன்று தொட்டால் அந்த வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கலாம். டிரெய்லரில் கார் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது ஒரு நாள் சம்பாத்தியம்.

அதிகம் தாங்குமா, குறைவாகத் தாங்குமா?

"பெரிய டயர்னா அதிக வெயிட் தாங்கும்தானே?" என்பது அடுத்து வரும் கேள்வி. டயரின் சுவரில் 120/117 மாதிரி ஒரு ஜோடி எண் இருக்கும். முதல் எண், அந்த டயர் தனியாக ஓடும்போது எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. இரண்டாவது, ஜோடியாக ஓடும்போது.

120 என்றால் 1,400 கிலோ. 117 என்றால் 1,285 கிலோ. அதாவது அதே டயர், ஜோடியில் மாட்டும்போது 115 கிலோ குறைவாகத்தான் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. சாலை ஒரு பக்கம் சரிவாக இருக்கும், இரண்டு டயரிலும் காற்று எப்போதும் ஒரே அளவில் இருக்காது, நடுவில் சூடு தங்கும். ஜோடியில் பாரம் எப்போதும் சரிபாதியாகப் பங்கிடப்படாது. அதற்காக முன்கூட்டியே கழித்த கழிவு இது.

235/80ஆர்17 டயரில் பொதுவாக வரும் குறியீடு இந்த 120/117தான். நான்கு டயர் சேர்ந்து 5,140 கிலோ. 255/80ஆர்17இல் 121/118 கிடைக்கிறது. 118 என்றால் 1,320 கிலோ, நான்குக்கு 5,280. ஆக, அத்தனை செலவுக்கும் கூடுவது 140 கிலோ. 285/70ஆர்17இல் 116/113 குறியீட்டுடன் வரும் டயர்களும் உண்டு. 113 என்றால் 1,150 கிலோ. நான்குக்கு 4,600. பழைய டயரைவிட அரை டன்னுக்கும் மேல் குறைவு! பார்க்கப் பெரிது, தாங்குவதில் சிறிது. கடைக்காரர் சொல்லாவிட்டால் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, அதிகம் தாங்கும் டயரையே போட்டாலும் வண்டி அதிகம் தாங்குமா? தாங்காது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை, ஒவ்வொரு ஆக்சிலுக்கும் எவ்வளவு வரை, எந்த அளவு டயர், எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருக்கும். ஆக்சில், பட்டை ஸ்பிரிங், பேரிங், ரிம், பிரேக் எல்லாம் சேர்ந்து தீர்மானித்த எண் அது. டயரை மட்டும் மாற்றி அந்த எண்ணை உயர்த்த முடியாது.

ரிம்மையும் மறக்கக் கூடாது. டூவலியின் ரிம் குறுகலானது, 6 அல்லது 6.5 அங்குல அகலம். 285/70ஆர்17 டயருக்குக் குறைந்தது 7.5 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை அடைத்து மாட்டினால் மாட்டலாம், காற்றும் பிடிக்கும். ஆனால் டயர் செய்தவர் அதற்குப் பொறுப்பு ஏற்கமாட்டார்.

"நடுவில் ஸ்பேசர் வைத்தால் போச்சு" என்பார்கள். இடைவெளி கூடும், உண்மைதான். கூடவே வெளிச் சக்கரம் ஆக்சிலைவிட்டு இன்னும் தள்ளிப் போகும். பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் கூடுதல் சுமை. ஒரு பிரச்சினையை மூடப் போய் கண்ணுக்குத் தெரியாத இரண்டைத் திறக்கிறோம்.

இழுக்கும் சக்தி எங்கே போனது?

சைக்கிளில் மேடு ஏறும்போது சின்ன கியர் போடுகிறோம். பெரிய சக்கரம் மாட்டுவது அதற்கு நேர் எதிர். நிரந்தரமாக ஒரு பெரிய கியரில் ஓட்டுவது மாதிரி.

டிரக்கின் பின் ஆக்சிலில் ஒரு விகிதம் இருக்கும். 3.73 என்றால், டிரைவ் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எண் பெரிதானால் இழுக்கும் பலம் அதிகம். 4.10 ஆக்சில் உள்ள வண்டிக்குத்தான் பல மாடல்களில் உச்சபட்ச இழுவைத் திறன் சொல்லப்படுகிறது. அதற்காகவே ஆர்டர் கொடுக்கும்போது 4.10 கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

இப்போது கணக்கு. 808 மி.மீ. டயரை 840 ஆக்கினால் 4 சதவீதம் உயர்வு. 3.73 ஆக்சில், நடைமுறையில் 3.59 மாதிரி வேலை செய்யும். 35 அங்குல டயர் போட்டால் 10 சதவீதம் உயர்வு. 3.73 என்பது 3.39 ஆகிவிடும். 4.10 என்பது? கழித்துப் பாருங்கள், 3.73! பார்த்துப் பார்த்து 4.10 வாங்கியவர், டயரை மாற்றிய அன்றே 3.73 வண்டிக்காரர் ஆகிவிடுகிறார். அந்த 10 சதவீதத்தை டயர் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'இவ்வளவு பவுண்டு இழுக்கும்' என்ற எண் எங்கிருந்து வருகிறது? எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. அதில் ஒரு சோதனை, அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கம் இருந்து யூனியன் பாஸ் வரை ஏறும் 'டேவிஸ் டேம்' மேடு. சுமார் 12 மைல். வெளியே வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. ஏசி முழுதாக ஓட வேண்டும். முழுப் பாரத்தோடு சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்கும், டூவலி 35 மைலுக்கும் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும்.

அந்தச் சோதனையைக் கம்பெனி, தன் டயரை மாட்டிக்கொண்டு எழுதுகிறது. வேறு டயர் மாட்டிய வண்டி அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. விளம்பரத்தில் இருக்கும் எண் இன்னும் இருக்கும். ஆனால் அது உங்கள் வண்டியின் எண் இல்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மேற்கே இறங்கும்போது சரிவு 7 சதவீதம். பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகள் ஏறி நிற்பதற்காகவே சாலையோரம் சரளைக்கல் மேடு அமைத்திருக்கிறார்கள். நண்பரின் பயணத் திட்டத்தில் இந்தச் சரிவும் இருந்தது.

பிரேக், சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறது. வண்டியோ சக்கரத்தின் விளிம்பில் நிற்கிறது. நடுவுக்கும் விளிம்புக்கும் தூரம் கூடினால், அதே பிரேக்கின் பிடி தரையில் குறையும். டயர் 4 சதவீதம் பெரிதானால், அதே தூரத்தில் நிறுத்த பிரேக் 4 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். 35 அங்குலம் என்றால் 10 சதவீதம். டீசல் டிரக்கில் எஞ்சினே பிடித்து நிறுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும். அதுவும் கியர் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே அதுவும் அதே அளவு பலம் இழக்கும்.

இதில் ஸ்பீடோமீட்டரும் சேர்ந்து ஏமாற்றும். வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புது டயரின் அளவைச் சொல்லாவிட்டால், அது பழைய கணக்கையே காட்டும். மீட்டரில் 65 மைல் என்றால், 255/80 டயரில் உண்மையான வேகம் சுமார் 67.6. 35 அங்குலத்தில் 71க்கும் மேல். சரிவில் இறங்கும்போது நாம் நினைப்பதைவிட வேகமாகப் போகிறோம், நினைப்பதைவிடக் குறைவான பிரேக்கோடு.

டிரக் உயர்ந்தால் இணைப்பும் உயரும். டிரக்கின் தொட்டியில், பின் ஆக்சிலுக்கு மேலே மாட்டும் டிரெய்லரில் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் மேல் உட்காரும். டிரக்கின் பின்பக்கம் உயர்ந்து டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டால், அந்தப் பாரம் டிரெய்லரின் பின் ஆக்சிலுக்குச் சாயும். டிரெய்லர் மட்டமாக நிற்பதுதான் முக்கியம். 35 அங்குல டயர் வண்டியை 4 செ.மீ. உயர்த்தும் என்றால், இணைப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யும்போது டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் டிரக் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் இடம் மிஞ்சுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"நாலு டயர் இருக்கே, ஒண்ணு போனா என்ன?"

டூவலி வைத்திருப்பவர்களின் பெரிய தைரியம் இது. ஒரு டயர் வெடித்தாலும் ஜோடி தாங்கும் என்று. கணக்கு பார்ப்போம்.

டிரெய்லரோடு பின் ஆக்சிலில் 3,900 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயருக்கும் 975 கிலோ. 1,285 வரை தாங்கும், பிரச்சினை இல்லை. இப்போது ஒரு டயரில் காற்று போய்விட்டது. அந்தப் பக்கத்துப் பாரம் 1,950 கிலோவும் மிச்சம் இருக்கும் ஒற்றை டயருக்கு வரும். தனியாக அது தாங்குவது 1,400. மெதுவாக ஓரம் கட்டும் அளவுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. தெரியாமல் அப்படியே 60 மைல் வேகத்தில் ஓட்டினால் இரண்டாவதும் போகும்.

தெரியாமல் ஓட்ட முடியுமா? முடியும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓட்டத்தில் டயரின் மேல்பாகம் பிரிந்து, 200க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட விவகாரம் அது. அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் புதிய கார்களில் டயர் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரிவது அங்கே கட்டாயமானது. ஆனால் அந்த விதியில், ஆக்சிலில் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு. இப்போதைய டூவலிகள் பலவற்றில் கம்பெனியே அந்த வசதியைத் தருகிறது. பழைய வண்டி வாங்குபவர் அதை நம்பி இருக்க முடியாது. உள் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து, கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ என்னதான் பண்ணலாம்?

இழுப்பதுதான் வேலை என்றால், உயரமான டயரைவிட வலுவான டயரைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. இதற்கு நல்ல உதாரணம் ஃபோர்டு எஃப்-450 பிக்கப்பிலேயே வரும் 225/70ஆர்19.5. இது வணிக வாகன ரக டயர். உயரம் 810 மி.மீ. நம் பழைய 235/80ஆர்17க்கும் இதற்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான். அகலம் 10 மி.மீ. குறைவு. ஆனால் இதில் 128/126 குறியீடு வரை கிடைக்கிறது. 126 என்றால் ஜோடியில் 1,700 கிலோ. பார்க்க ஒல்லி, தாங்குவதில் கில்லி! சவாரி கடினமாக இருக்கும், தனி ரிம் வேண்டும், செலவு உண்டு. இதுவும் ஆக்சிலின் வரம்பை உயர்த்தாது. ஆனாலும் கியர், பிரேக், ஸ்பீடோமீட்டர் எதையும் தொடாமல் டயரின் பலத்தை மட்டும் கூட்டுகிறது.

பண்ணைப் பாதைக்குக் கொஞ்சம் உயரம் வேண்டும், இழுக்கும் பாரமும் வரம்புக்கு வெகு கீழேதான் என்கிறவர்களுக்கு 255/80ஆர்17 ஒரு நியாயமான சமரசம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கும் முன் இதையெல்லாம் சரிபார்த்துவிடுங்கள்:

• டயரின் 'குறைந்தபட்ச ஜோடி இடைவெளி' எவ்வளவு, உங்கள் ரிம் தரும் இடைவெளி எவ்வளவு? முதல் எண் பெரிதாக இருந்தால் அந்த டயர் வேண்டாம்.

• உங்கள் ரிம் அகலம் அந்த டயரின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா?

• சுவரில் உள்ள இரண்டாவது எண், பழைய டயரின் எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதா?

• ஆறையும் மாற்றுங்கள், ஸ்டெப்னியோடு ஏழு. ஒரு ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் உயரமானது பாரத்தை எல்லாம் சுமக்கும், குட்டையானது இழுபட்டுத் தேயும். விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் வேறு உயரம் என்றால் கியர்ப்பெட்டிக்கும் கேடு.

• வண்டியின் கம்ப்யூட்டரில் புது அளவைப் பதிய வையுங்கள்.

• டிரெய்லரைக் கட்டி, முழுப் பாரத்தோடு எடை மேடையில் ஏற்றுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடும் வசதி உண்டு. அதே பாரத்தோடு, டயரின் அடிப்பகுதியில் நடு இடைவெளியை அளந்து பாருங்கள். காலி வண்டியில் அளந்த அளவு செல்லாது.

வண்டி உங்களுடையது, காசு உங்களுடையது, ரசனையும் உங்களுடையது. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் 7 டன்னைக் கட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டால், முன்னால் போகும் காரில் இருப்பவருக்கும் அந்த டயரில் பங்கு உண்டு. அவரிடம் யாரும் 'லுக் எப்படி இருக்கு' என்று கேட்கவில்லை.

நண்பர் அந்தப் பெரிய டயர்களை விற்கவில்லை. விற்றால் இன்னொருவர் மாட்டிக்கொள்வார் என்று பழைய டயர் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டார். ஏழு புது டயர், பழைய 235/80ஆர்17 அளவிலேயே. செலவைச் சொல்லிப் புலம்பினார்தான். பயணமும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. கிளம்பும் அன்று காலை, டிரெய்லரைக் கட்டிய பிறகு, இன்னொரு போட்டோ வந்தது. ஜோடி டயருக்கு நடுவில் கையை விட்டு எடுத்த படம்.

"ரெண்டு விரல் தாராளமா போகுது மச்சி."

விரல் வேண்டாம், டேப் வைத்து அளந்து அனுப்பு என்று பதில் போட்டேன். அதையும் அளந்து அனுப்பினார்.